சத்திரம் சொந்தமா, லைசன்ஸ் மட்டும்தானா?

கேள்வி: என் கணவர் இங்கிலாந்துக்காரர். அவர் குடும்பத்தின் பூர்வீகம் நார்ஃபோக்கில் ஒரு சின்ன கிராமம். "ஊரில் இருந்த இன் (பயணிகள் தங்கும் சத்திரம்) இருநூறு வருஷம் நம் குடும்பச் சொத்து" என்று மாமியார் அடிக்கடி சொல்வார். ஆனால் 1851 சென்சஸில் கணவரின் முப்பாட்டனார் வெறும் கொல்லர். 1861இல் 'கொல்லர், பீர் விற்பவர்'. அப்படியானால் குடும்பக் கதை பொய்யா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, நார்விச்

பதில்: பொய் என்று மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள், அம்மா. இப்படிப்பட்ட குடும்பக் கதைகளில் நான் பார்த்தவரை, ஏதாவது ஒரு சொல்தான் இடம் மாறியிருக்கும். உங்கள் கதையில் அது 'சொத்து' என்ற சொல்லோ, 'இன்' என்ற சொல்லோ, தெரியவில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் 'இன்'. 1830இல் பீர்ஹவுஸ் சட்டம் வந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் 2 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) கொடுத்தால் எக்சைஸ் (கலால்) துறையிடம் லைசன்ஸ் வாங்கிப் பீர் விற்கலாம். மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. ஜின், பிராந்தி போன்றவை விற்கக் கூடாது. நாடெங்கும் முன்னறைகள் பீர்க்கடைகளாயின. கொல்லருக்கு இது வசதியான தொழில்: குதிரைக்கு லாடம் அடிக்கும்வரை வண்டிக்காரர் சும்மா நிற்க வேண்டாமே! ஆகவே 1861இல் 'பீர் விற்பவர்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது கொல்லுப்பட்டறையை ஒட்டிய பீர்ஹவுஸ். ஊரின் பழைய இன் வேறு கட்டடமாக இருக்கலாம். இதைத் தீர்த்துக்கொள்ளாமல் மேலே போகாதீர்கள். வில்லியம் வைட் 1845இல் வெளியிட்ட நார்ஃபோக் டைரக்டரியில் (ஊர்வாரியாகத் தொழில்காரர் பெயர் தரும் கையேடு) உங்கள் ஊரைப் பாருங்கள். கெல்லி டைரக்டரிகளையும் பாருங்கள். இன் நடத்தியவர் பெயரோடு இன்னின் பெயரும் இருக்கும். பீர்ஹவுஸ்காரர் பெரும்பாலும் 'பீர் சில்லறை வியாபாரி' என்பதோடு நின்றுவிடுவார். 1869இல்தான் பீர்ஹவுஸ்களும் மாஜிஸ்திரேட் கைக்குத் திரும்பின. நடுவே உள்ள நாற்பது வருஷத்துக்கு அவர்களை மாஜிஸ்திரேட் தாள்களில் தேடி மாளாதீர்கள்.

1830க்கு முன்னால் போனால் நிலைமை தலைகீழ். அங்கே தாள்கள் பேசும். 1552 சட்டப்படி ஏல்ஹவுஸ் (பீர் விற்கும் மதுக்கடை) நடத்த மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும், ஒழுங்காக நடத்துவேன் என்று ஜாமீன் பத்திரமும் எழுதித் தர வேண்டும். 1753இல் வந்த சட்டம் இந்தப் பத்திரங்களைக் கவுண்டி அலுவலகத்தில் சேர்த்து வைக்கச் சொன்னது. 1828 வரை அது நடந்தது. உங்கள் ஊரிலேயே நார்ஃபோக் ஆவணக் காப்பகம் இருக்கிறது. குவார்ட்டர் செஷன்ஸ் (மாஜிஸ்திரேட்டுகள் காலாண்டுக்கு ஒருமுறை கூடிய கவுண்டி நீதிமன்றம்) தாள்களில் இந்தப் பத்திரங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கிடைத்தால், லைசன்ஸ் எடுத்தவர் பெயரோடு நிற்காமல் ஜாமீன் போட்டவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மைத்துனரோ மாமனாரோ பக்கத்து ஊர் இன்காரரோ அந்த இடத்தில் வந்து நிற்பது வழக்கம்.

இங்கே நான் இழந்த மூன்று குளிர்காலங்களைச் சொல்கிறேன். என் மருமகள் வீட்டாருக்காக சஃபோக்கில் ஒரு குடும்பத்தைத் தேடினேன். ஒரு வருஷத்தில் அவர்கள் பெயர் லைசன்ஸ் பட்டியலிலிருந்து மறைந்தது. வேறு குடும்பப்பெயர் வந்தது. ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி அக்கம்பக்கத்துக் கிராமங்களையெல்லாம் அலசினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது: இன்காரர் இறந்திருக்கிறார், விதவை மறுமணம் செய்திருக்கிறார், லைசன்ஸ் புதுக் கணவர் பெயருக்கு மாறியிருக்கிறது. அடுப்பும் பீப்பாயும் அதே பெண்மணி கையில்தான் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து முதல் கணவரின் மகன் லைசன்ஸ் எடுக்க, பழைய பெயர் திரும்பி வந்தது. அன்றுமுதல் நான் பெயரைப் பின்தொடர்வதில்லை, வீட்டைப் பின்தொடர்கிறேன். நீங்களும் முப்பாட்டனாரின் மனைவி யார் மகள் என்று பாருங்கள். 1837 ஜூலைக்குப் பிந்திய கல்யாணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தகப்பனார் தொழிலும் இருக்கும். அந்த அம்மாளின் தந்தை இன்காரராக இருந்தால், மாமியார் சொன்ன இருநூறு வருஷம் பெண்வழியில் வந்திருக்கலாம்.

இனி 'சொத்து'. இன் நடத்தியவர்களில் ஏராளமானோர் வாடகைக்கு இருந்தவர்கள்தான். கட்டடம் ஜமீன்தாருடையது அல்லது பீர் ஆலையுடையது. உங்கள் நார்விச்சின் புல்லார்ட், ஸ்டூவர்ட் அண்ட் பேட்டசன் ஆலைகள் கிராமம் கிராமமாகப் பப்களை வைத்திருந்தன. 1963இல் இரண்டும் வாட்னி மான் கைக்குப் போயின. இதைத் தீர்க்க எனக்குப் பிடித்த ஆவணம் தசமபாக வரைபடம், அதாவது தேவாலயத்துக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட வரைந்த நிலப்படம். 1836 சட்டத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாக வரைந்தது. ஒவ்வொரு மனைக்கும் ஓர் எண். உடன் உள்ள அட்டவணையில் உரிமையாளர் ஒரு பத்தி, குடியிருப்பவர் இன்னொரு பத்தி. கணவரின் குடும்பப்பெயர் முதல் பத்தியில் இருந்தால் அந்த வரியைப் படம் எடுத்து மாமியாரிடம் காட்டுங்கள். இரண்டாம் பத்தியில் இருந்தாலும் காட்டுங்கள். வாடகை வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் என்பதில் குறைவு எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: 1841 சென்சஸில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். வயது பொருந்தவில்லை என்று சரியான ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

கேள்வி: என் மனைவியின் ஆங்கிலேயக் குடும்பப்பெயரோடு 'ஆர்ம்ஸ்' சேர்ந்து ஒரு கிராமத்து இன்னுக்குப் பெயராக இருக்கிறது. அவள் முன்னோர் நடத்தியதா?
– ஒரு வாசகர், லீட்ஸ்

பதில்: அப்படிக் கொள்ள வேண்டாம். 'ஆர்ம்ஸ்' என்பது குலச்சின்னம். பெரும்பாலும் அந்த ஊர் நிலவுடைமைக் குடும்பத்தின் சின்னத்தைத்தான் பலகையில் தீட்டினார்கள். உள்ளே பீர் ஊற்றியவர் பெயர் வேறாக இருக்கும். அவரைத் தேட மேலே சொன்ன வழிதான்.