பதில்: 1986-ல் ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்களா?

நீங்கள் பார்த்த தேர்தல் முடிவுப் பட்டியல் சரிதாங்க. வான்கூவர்-பாயிண்ட் கிரேயில் 1986-ல் கிம் கேம்பெல், டார்லீன் மர்சாரி என்று இரண்டு பேர் ஜெயித்ததாக வருவது அச்சுப்பிழை இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றத்தில் அப்போது அது இரட்டை உறுப்பினர் தொகுதி. 1991 தேர்தலில்தான் ஒற்றை உறுப்பினர் தொகுதியானது. ஒருவருக்கு இரண்டு ஓட்டு, முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் உள்ளே. அப்படித்தான் சோஷியல் கிரெடிட் கட்சியின் கேம்பெல்லும் எதிர்முகாமான என்.டி.பி.யின் (புதிய ஜனநாயகக் கட்சி) மர்சாரியும் ஒரே தொகுதியிலிருந்து போனார்கள்.

ஓட்டு மொத்தம், வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைத் தாண்டி நிற்பதும் இந்த இரண்டு ஓட்டு முறையால்தான். அந்தச் சதவீதங்களை 1991-க்குப் பிந்தையவற்றோடு நேராக ஒப்பிடாதீர்கள், கணக்கு உதைக்கும்.

1988-ல் கேம்பெல் மத்திய அரசியலுக்குப் போய்விட்டார் (1993-ல் பிரதமரே ஆனார், சில மாதம்தான்). அவர் விட்ட ஓர் இடத்துக்கு மட்டும் 1989-ல் இடைத்தேர்தல், என்.டி.பி.யின் டாம் பெர்ரி ஜெயித்தார். அதைப் பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள்.

அப்புறம், 2013-ல் மறுபடி குழம்புவீர்கள். மாகாண முதல்வர் கிறிஸ்டி கிளார்க்கின் கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது; அவரோ இதே பாயிண்ட் கிரே தொகுதியில் என்.டி.பி.யின் டேவிட் ஈபியிடம் தோற்றார். ஜூலையில் வெஸ்ட்சைடு-கெலோனா இடைத்தேர்தலில் நின்றுதான் சட்டமன்றத்துக்குத் திரும்பினார்.