உங்களுக்கு எந்த இடம் பிடித்தது?

கேள்வி: எனக்கு 54 வயது. திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் லீவுக்கு வரும்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருமாக உட்கார்ந்து டிவியில் ஒரு படம் பார்ப்போம். போன தடவை 'மெய்யழகன்' போட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது, அழுதும்விட்டேன். 'செம லேக்மா, இதுக்கா அழுவுற?' என்றான் மகன். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். மறுபடி ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று, இப்போது எந்தப் படம் பார்த்தாலும் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன். அவன் கேமரா, ஸ்கிரீன்ப்ளே என்றெல்லாம் பேசுகிறான். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு படத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஏதாவது படித்திருக்க வேண்டுமா? நீங்கள் சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றியும் எழுதுங்கள். 'கொட்டுக்காளி' பார்க்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதுவும் படித்திருக்க வேண்டாம். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. அதைச் சொல்லத் தயங்காதீர்கள். 'நல்லா இருக்கு', 'சுமார்' என்று தீர்ப்பில் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். படத்தில் ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அந்த இடத்துல எனக்கு இப்படி இருந்துச்சு' என்று ஆரம்பியுங்கள். அதைத் தப்பென்று யாராலும் சொல்ல முடியாது.

மெய்யழகனையே எடுத்துக்கொள்வோம், பிரச்சினை அங்கேதானே தொடங்கியது. எனக்கும் அந்தப் படம் பிடித்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன், இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். யாரையும் பார்க்காமல் ராத்திரியே திரும்பிவிடலாம் என்ற நினைப்போடுதான் வருகிறான். அங்கே ஒருவன் 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறான். சாப்பிட வைக்கிறான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கிறான். இவனுக்கோ அவன் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு அன்பாக இருப்பவனிடம் 'உன் பேரென்ன?' என்று கேட்க வாயும் வரவில்லை. அந்தக் கூச்சம் ராத்திரி முழுக்க வளர்ந்துகொண்டே போகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம் எடுக்க இயக்குநர் பிரேம்குமாருக்கு ரொம்பத் துணிச்சல் வேண்டும். அரவிந்த் சுவாமி அந்தக் குற்ற உணர்ச்சியை முகத்தில் கொண்டுவந்த விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, உங்கள் மகன் பக்கமும் நியாயம் உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுத்தான் குறைவு. நீளம் என்று பலரும் சொன்னதால் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ராத்திரிப் பேச்சு சரித்திரம், போர் என்று போகும் பகுதியில் என் கவனமும் சிதறியது. அதுவரை கார்த்தி பேசியதெல்லாம் அந்த வெள்ளந்தி மனிதன் பேசியது போலவே இருந்தது. அங்கே மட்டும் இயக்குநரின் குரல் கேட்டது. ஆனால் அந்தப் பகுதிதான் படத்தின் உயிர், அதை வெட்டியிருக்கவே கூடாது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் நான் மதிக்கிறேன்.

ஆகவே மகன் அடுத்த முறை 'லேக்' என்றால், 'எந்த இடத்துலப்பா?' என்று கேளுங்கள். சண்டைக்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவன் யோசித்து ஒரு இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக நீங்கள் அழுத இடத்தைச் சொல்லலாம். அது எந்த இடம் என்று கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். கல்யாண மேடையில் அண்ணன் தங்கைக்கு நகை போட்டுவிடும் இடமா? வீட்டைக் காலி பண்ணும்போது விட்டுவிட்டு வந்த பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றிவிட்டது என்று தெரிகிற இடமா? எனக்கு இரண்டாவது. மகனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விட்டுவிட்டு வந்த வீடு, விட்டுப்போன சொந்தம் என்று அவனுக்கு இன்னும் பெரிதாக எதுவும் சேர்ந்திருக்காது. உங்களுக்குச் சேர்ந்திருக்கும். அந்த அழுகைக்கு என்ன காரணம் என்று நீங்கள் சொன்னால்தானே அவனுக்குத் தெரியும்?

கேமரா பற்றித் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் துணி தெரியுமே! அதே பிரேம்குமார் 2018-ல் எடுத்த '96' நினைவிருக்கிறதா? அதில் ஜானுவாக வந்த த்ரிஷா அணிந்த மஞ்சள் குர்தாவைக் கேட்டு உங்கள் கடைக்கும் ஆட்கள் வந்திருப்பார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன். அந்த வருஷம் கடைக்குக் கடை அதுதான். கதையில் பெரும்பகுதி ஒரே ராத்திரி என்பதால் நாயகி அந்த ஒரு உடையிலேயே பெரும்பாலும் இருக்க வேண்டியிருந்தது. மழையில் நனைந்த பிறகு நாயகன் ராமின் சட்டையைப் போட்டுக்கொள்கிறாள். அந்தச் சட்டை மாற்றத்தில் எத்தனை வருஷத்துக் காதல் இருக்கிறது! ஒரு வசனம்கூட அங்கே தேவைப்படவில்லை. நம்மில் பலர் பார்க்கத் தவறும் இடம் இது. துணியோடு புழங்குகிற உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். கதாபாத்திரத்துக்கு அந்த ரவிக்கை பொருந்துகிறதா, ஏழை வீட்டுப் பெண்ணுக்குப் புதுசு மாறாத புடவை கட்டிவிட்டார்களா என்று நீங்கள் சொன்னால், ஸ்கிரீன்ப்ளே பேசுகிற மகனும் அதைக் காது கொடுத்துக் கேட்பான்.

இனி நான் பார்த்தவை. '3 பிஎச்கே', 2025 ஜூலையில் வந்தது, ஸ்ரீகணேஷ் இயக்கியது. சொந்த வீடு வாங்க வேண்டும் என்ற ஆசையோடு வாடகை வீடுகளில் காலம் தள்ளும் ஒரு குடும்பத்தின் கதை. பணம் சேர்ந்துகொண்டே வரும், அதற்குள் படிப்பு, வைத்தியம், கல்யாணம் என்று ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போகும். இவர்கள் சேர்ப்பதைவிட வேகமாக வீட்டின் விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். கஷ்டத்துக்கு மேல் கஷ்டமாக அடுக்கியது ஒரு கட்டத்தில் எனக்குப் பாரமாக இருந்தது. நடுவில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கலாம். ஆனால் சரத்குமாரையும் தேவயானியையும் அப்பா, அம்மாவாகப் பார்த்தபோது எனக்கு வேறு ஒரு நினைப்பு ஓடியது. 1997-ல் விக்ரமன் எடுத்த 'சூர்யவம்சம்' படத்திலும் அவர்கள்தான் கணவன் மனைவி. அதில் 'நட்சத்திர ஜன்னலில்' என்று ஒரு பாட்டு. அது முடிவதற்குள் அவர்கள் வாழ்க்கை எங்கேயோ உயர்ந்துவிடும். மனைவி கலெக்டராகவும் ஆவார். தியேட்டரில் கைதட்டிப் பார்த்தோம், உழைத்தால் முன்னேறலாம் என்று முழுசாக நம்பினோம். 28 வருஷம் கழித்து அதே ஜோடி ஒரு ஃப்ளாட்டுக்காக இத்தனை வருஷம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு தலைமுறையின் நம்பிக்கைக்கு என்ன ஆனது என்பது தெரியும். எனக்கு வருத்தமாக இருந்தது, அந்த வருத்தத்துக்காகவே படம் பிடித்தது.

சூர்யவம்சம் வந்தபோது உங்களுக்கு 26 வயது இருந்திருக்கும். இந்த ஒப்பீடு உங்கள் மகனுக்குத் தோன்றவே தோன்றாது. 3 பிஎச்கே அவன் பார்த்தால், மகனாக நடித்த சித்தார்த்தின் பக்கத்தில் நின்றுதான் பார்ப்பான், அப்பாவின் ஆசை மகன் முதுகில் ஏறி உட்காருவதைப் பற்றிப் பேசுவான். நீங்கள் தேவயானியின் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள். இரண்டு பேரும் பேசினால் படம் இன்னும் பெரிதாகும்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்திருப்பீர்கள், 2025 மே மாதம் வந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு பார்த்த படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தாக்குப்பிடிக்க முடியாமல் ராமேஸ்வரம் வழியாக வந்து, தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் குடும்பம். அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்பதை நம்ப முடியவில்லை. அந்தத் தெருவில் ஒரு வயதான அம்மா இறந்துபோக, அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அக்கம்பக்கத்தார் எல்லோரையும் சசிகுமார் அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படம் முடிந்து மறுநாள் மட்டும் ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கதவு திறந்ததா? படத்தில் எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அப்படி ஒரு தெரு வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. ரசித்து அழுத படத்தின் மேல் மறுநாள் கேள்வி வருவதில் தப்பே இல்லை, சகோதரி. அழுததும் உண்மை, கேள்வியும் உண்மை. இரண்டையும் சொல்லலாம்.

உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்க்க 'லப்பர் பந்து' போடுங்கள். தமிழரசன் பச்சமுத்து 2024-ல் எடுத்தது. மனைவிக்குத் தெரியாமல் கிரிக்கெட் ஆடும் நடுத்தர வயதுக்காரர் கெத்துவாக தினேஷ், அவரோடு மோதும் இளைஞன் அன்புவாக ஹரிஷ் கல்யாண். அன்பு விரும்பும் பெண் கெத்துவின் மகள்! இரண்டு பேரில் யாரும் வில்லன் இல்லை, இரண்டு பேருக்கும் வீம்பு மட்டும்தான். திறமை இருந்தும் அன்புவுக்கு ஊர் அணியில் இடம் தராததற்கு ஜாதிதான் காரணம் என்பதைப் பிரசங்கம் பண்ணாமல், ஆட்டத்தின் போக்கிலேயே காட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கெத்துவின் மனைவி யசோதாவாக வரும் சுவாசிகாவைக் கவனியுங்கள், அந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்று முகத்திலேயே தெரியும். கெத்து களத்தில் இறங்கும்போது 1989-ல் விஜயகாந்த் நடித்து வந்த 'பொன்மனச் செல்வன்' பாட்டு, 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். விஜயகாந்த் காலமாகி ஒன்பது மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. தியேட்டரில் எழுந்த சத்தத்தில் பாதி அவருக்காக எழுந்தது. படத்துக்கு வெளியே நடந்த ஒன்று படத்துக்குள் வந்து நம்மை நெகிழ வைப்பதும் அனுபவம்தான். உங்கள் வீட்டுக்காரருக்கு விஜயகாந்த் பிடிக்குமென்றால் அன்று அவர் பேசுவதை நிறுத்த முடியாது.

படம் பார்ப்பதற்கு முன்னால் விமர்சனம் பார்க்காதீர்கள் என்று மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகனிடமும் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள், டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பவர்களுக்காகப் பேசுகிறார்கள். அது அவர்கள் வேலை. அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால், அவர்களுக்கு அலுத்த இடம் எப்போது வரும் என்றே நாமும் காத்திருப்போம். பார்த்து முடித்து, நமக்குத் தோன்றியதைப் பேசி முடித்த பிறகு கேட்டால் நல்ல விமர்சகரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வசூல் கணக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். படம் எத்தனை கோடி எடுத்தது என்பதில் நமக்குப் பங்கு வரப்போவதில்லை.

அப்புறம், உங்கள் மருமகள் அன்று என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவரும் 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரோ என்னவோ. அவரிடமும் கேளுங்கள்.

கொட்டுக்காளிக்கு வருகிறேன். கட்டாயம் பாருங்கள். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் படம் இல்லை அது. பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது. பாட்டு கிடையாது, பின்னணி இசையே கிடையாது. வேறு ஜாதிப் பையனை விரும்பிவிட்ட பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது குடும்பம். மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்ட படம் முழுக்கப் பேசுவதே இல்லை. பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டிய குரல், கண்ணில் ஆத்திரம். இத்தனை வருஷம் நம்மைச் சிரிக்க வைத்த சூரியா இது என்று இருக்கும். 2024 ஆகஸ்ட் 23, 'வாழை' வந்த அதே நாளில்தான் இதுவும் வந்தது. திரையரங்குக்கு ஏற்ற படமா இது என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே கவனத்தைக் கலைக்க ஒன்றும் இல்லை. ஆட்டோ சத்தமும் கோழி சத்தமும் காற்றும் சேர்ந்து நம்மையும் அந்த வண்டியிலேயே ஏற்றிவிடும். அந்த வாய்ப்பு இப்போது இல்லை. அதனால் ஒரு மதிய நேரத்தில், கடைக்கு விடுமுறை விட்ட நாளில் பாருங்கள். இரண்டு மணி நேரம்கூட ஓடாது. சில காட்சிகள் ரொம்ப நேரம் தூரத்திலேயே நிற்கும். ஏன் இப்படி நிற்கிறது என்று எரிச்சல் வந்தால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அபிப்பிராயம்தான். முடிவை இயக்குநர் நம் கையில் விட்டுவிட்டார். பாண்டி என்ன செய்வான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், மருமகள் என்ன நினைக்கிறார், இரண்டையும் எனக்கு எழுதுங்கள். என் எண்ணத்தை இப்போதே சொல்ல மாட்டேன், உங்கள் கடிதம் வந்த பிறகு எழுதுகிறேன்.