ஆபீசில் சொல்லட்டுமா?

கேள்வி: பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. வயது 28. போன மாதம்தான் எனக்கு ஆட்டிசம் என்று டாக்டர் உறுதிப்படுத்தினார். ஓயாத போன் சத்தம், கடைசி நேரத்தில் மாறும் வேலை, ரெண்டுமே என்னைக் கலங்கடிக்கிறது. ஆபீசில் ‘திமிர் பிடித்தவள்’ என்று பேர் வேறு. மேனேஜரிடம் சொல்லிவிடட்டுமா? அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கும்மா, சின்ன ஆபீசில் விஷயம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோர் காதுக்கும் போய்விடும். சொல்லியே ஆகணும் என்ற கட்டாயமும் இல்லை. முதலில் ஆட்டிசம் என்ற பேரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேளுங்கள்: ஓரமாக ஒரு மேஜை, காதில் ஹெட்போன், வேலை மாறினால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி. பாதி மேனேஜர்கள் இதற்குக் காரணமே கேட்க மாட்டார்கள். மறுத்தாலோ, உங்கள் வேலைக்கே ஆபத்து என்றாலோ அப்போது சொல்லலாம், அதுவும் முடிவெடுக்கும் ஒருவரிடம் மட்டும், ஈமெயிலில். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை, அதாவது மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்ன வசதி என்று சொல்லும் அறிக்கை, வெளியிட வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் தேவையான வசதி செய்துதரும் கடமையை அந்தச் சட்டம் அரசு அலுவலகங்களுக்குத்தான் அழுத்தமாகச் சொல்கிறது, தனியாரில் பிடி கொஞ்சம் தளர்வுதான். சட்டப்படி உரிமை கேட்க டாக்டர் சீட்டு மட்டும் போதாது, யுடிஐடி என்ற அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து வையுங்கள். அட்டை வாங்கினால் ஆபீசுக்குத் தானாகத் தெரிந்துவிடாது என்று அம்மாவிடமும் சொல்லுங்கள்.