மதில் ஓரம் முளைத்திருக்கும் மஞ்சள் பூச்செடி டேன்டிலியனா?

மதிலோரம் தானாக முளைத்திருக்கிறது, மஞ்சள் பூ, காய்ந்ததும் விதை பஞ்சாகப் பறக்கிறது, இது டேன்டிலியன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, டேன்டிலியன் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்துச் செடி, நம்ம ஊர்ச் சமவெளியில் இப்படி இருந்தால் அது பெரும்பாலும் வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம்.

பறக்கும் பஞ்சை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சூரியகாந்திக் குடும்பத்தில் நிறையச் செடிகளுக்கு விதை அப்படித்தான் பறக்கும். நான் முதலில் பார்ப்பது இலையைத்தான். டேன்டிலியனுக்கு இலைகள் எல்லாம் வேர்ப்பக்கத்திலிருந்தே கிளம்பி தரையோடு வட்டமாகப் பரவியிருக்கும், பூக்காம்பை ஒடித்தால் உள்ளே குழலாக இருக்கும், பால் வடியும். வெட்டுக்காயப் பூண்டு அப்படியில்லை, தண்டு தரையில் படர்ந்து ஓடும், கணுவில் வேர்விடும், ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். இலை ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டுப்பட்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும், தண்டிலும் ரோமம். கிள்ளிப் பாருங்கள், பால் வராது.

அப்புறம் பூ. ஒரு சாண் நீளத்துக்குக்கூட மெலிசாக நிமிர்ந்து நிற்கும் காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ. கிட்டத்தில் குனிந்து பாருங்கள், நடுவில் மஞ்சள் பொட்டு, அது முழுக்கக் குட்டிக் குட்டிக் குழல் பூக்கள், சுற்றி ஐந்தாறு வெளிறிய இதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள். எனக்கு இந்தச் செடியில் ரொம்பப் பிடித்தது அந்த மூன்று பல்தான். டேன்டிலியனில் தனியாக நடுப்பொட்டே கிடையாது, பூ முழுக்க நாக்கு வடிவ மஞ்சள் இதழ்கள்தான்.

வெட்டுக்காயப் பூண்டைக் கரிசலாங்கண்ணி என்று பறிப்பவர்களும் உண்டு, தயவுசெய்து கவனமாக இருங்கள். கரிசலாங்கண்ணியின் பூ சின்னது, வெள்ளை, விதையில் பஞ்சு கிடையாது, இலை நீண்டு கூராக இருக்கும், கசக்கினால் கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும்.

கிராமத்தில் அரிவாள் பட்டால் இந்தப் பூண்டின் இலையைக் கசக்கிச் சாறு பிழிவது வழக்கம். சின்னக் கீறலுக்கு அது சரி, ஆனால் ஆழமான வெட்டு என்றால் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.