பாய்லர் புகார்: ‘ரிக்வெஸ்ட்’டா, ‘டிமாண்ட்’டா?

தம்பி, கீழக்கரையிலிருந்து லண்டன் வந்த கையோடு வாடகை வீட்டில் பாய்லர் பழுது, ஏஜென்டுக்கு எழுதப்போகும் புகாரில் ‘ரிக்வெஸ்ட்’ போட்டால் கெஞ்சுவது போலவும் ‘டிமாண்ட்’ போட்டால் சண்டைக்குப் போவது போலவும் இருக்கிறதே, எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

நானும் தொண்டிக்காரன்தான், இங்கே வந்து வெகுகாலம் ஆயிற்று. நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் கையில் இருப்பது மனு நடை. திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற மனுவின் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ அப்படியே ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’ ஆகி இங்கே வந்து நிற்கும். படிக்கிறவர் ஏதோ சலுகை கேட்கிறார்கள் என்று ஓரமாக வைத்துவிடுவார். ஆனால் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை என்று இங்குள்ள 1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் (லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட்) 11-ஆம் பிரிவே சொல்கிறது, அப்புறம் எதற்குத் தாழ்மை?

முதல் வரியில் ‘ஐ ரிப்போர்ட்டட்’ என்று எழுதி, சொன்ன தேதியைப் போடுங்கள். ‘டோல்டு’, ‘மென்ஷண்டு’ எல்லாம் பேச்சுவாக்கில் சொன்ன மாதிரி ஆகிவிடும். பழுதை நீங்கள் தெரிவித்த பிறகுதான் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு தொடங்குகிறது, அதனால் கடிதத்திலேயே கனமான வார்த்தை அதுதான். அடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டுமென்றால் ‘ஐ எக்ஸ்பெக்ட்’. பணிவும் கெடாது, கெடுவும் நிற்கும்.

பதிலே வரவில்லையா, இரண்டாவது கடிதத்தில் ‘யூ ஹேவ் ஃபெயில்ட் டு ரிப்ளை’. நமக்கு ஃபெயில் என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் ஞாபகம் வரும், இங்கே மரியாதை குறையாமல் ஒருவரைக் குற்றம் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடையாது. ‘சீட்டட்’ (ஏமாற்றினீர்கள்), ‘லைட்’ (பொய் சொன்னீர்கள்) எல்லாம் எழுதினால் பேச்சு பாய்லரை விட்டு உங்கள் கோபத்துக்குப் போய்விடும். ‘ரிவர்ட்’டும் வேண்டாம், பதில் போடு என்ற அர்த்தத்தில் இவர்கள் அதைச் சொல்வதில்லை, ‘ரிப்ளை’ போதும்.

அப்படியும் சரிசெய்யாவிட்டால் கவுன்சிலின் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போகப்போவதைச் சொல்லும்போது ‘மே’ போடாமல் ‘ஐ வில் காண்டாக்ட்’ என்றே எழுதுங்கள். ஆனால் உண்மையிலேயே போவதாக இருந்தால் மட்டும். வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அதையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.