பிளேட்டைக் கழற்றிவிட்டு லிங்க் போடலாமா? காரைக்குடிப் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

ஜீப்பும் ஜிப்சியும் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையிலும் செம்பாறாங்கல் மேட்டிலும் ஏறி இறங்கும் நம் ஆட்கள் கேட்ட சஸ்பென்ஷன் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். காரைக்குடியில் பட்டறை வைத்து நான் செய்த வேலைகளிலிருந்து சொல்வது இது. நான் தரும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து, டேப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, என்னிடம் பழைய எம்எம் 540 ஜீப் இருக்கிறது. முன்னும் பின்னும் பிளேட் ஸ்பிரிங். கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போட ஆசை. மூன்று லிங்க் நல்லதா, நான்கு லிங்க் நல்லதா?

தம்பி, பிளேட் ஸ்பிரிங் இரண்டு வேலை செய்கிறது. வண்டியைத் தாங்குகிறது, ஆக்ஸிலையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. காயில் ஸ்பிரிங்குக்குத் தாங்க மட்டும்தான் தெரியும். பிடிக்கிற வேலை முழுவதையும் லிங்க், அதாவது ஆக்ஸிலையும் சேஸிஸையும் இணைக்கும் கம்பிகள், செய்ய வேண்டும்.

ஆக்ஸில் மேலும் கீழும் போக வேண்டும், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இந்த இரண்டு அசைவையும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் கட்ட வேண்டும்: முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, ஆக்ஸிலின் கூடான ஹவுசிங் தன்னைத்தானே சுற்றுவது, மேலிருந்து பார்த்தால் கோணலாகத் திரும்புவது. நான்கைக் கட்ட நான்கு கம்பி போதும். மூன்று லிங்க்கும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் குறுக்காகப் பிடிக்கும் ஒரு பான்ஹார்டு ராடும் சேர்ந்தால் நான்கு. மேல் லிங்க் இரண்டையும் வி வடிவில் வைத்தால் பான்ஹார்டு இல்லாமலே நான்கு. நேராக நான்கு லிங்க் வைத்து பான்ஹார்டும் போட்டால் ஐந்து ஆகிவிடும். அதுவும் ஓடும், ஆனால் லிங்க் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் நெளிந்து கொடுப்பதால்தான் ஓடுகிறது.

எண்ணிக்கையை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. முன்பக்கம் மூன்று லிங்க்கும் பான்ஹார்டும், பின்பக்கம் இடம் கிடைத்தால் வி வடிவ நான்கு லிங்க். என் பட்டறையில் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

பொன்னமராவதியிலிருந்து: முன்பக்கம் மட்டும் ஏன் பான்ஹார்டு? அங்கேயும் வி வடிவம் வைத்தால் ஆக்ஸில் நேராக ஏறி இறங்குமே?

ஆக்ஸில் நேராகத்தான் ஏறும். ஆனால் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகிற டிராக் லிங்க் வளைவாகத்தான் நகரும். ஒன்று நேராகவும் மற்றொன்று வளைவாகவும் போனால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பான்ஹார்டை டிராக் லிங்க்குக்கு இணையாக, ஏறக்குறைய அதே நீளத்தில், அதே சாய்வில் வைத்தால் இரண்டும் ஒரே வளைவில் போகும், ஸ்டியரிங் கையைப் பிடுங்காது.

பான்ஹார்டு போட்டால் ஆக்ஸில் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும் என்று பயப்படுகிறார்கள். கணக்குப் பாருங்கள். 800 மி.மீ. நீளமுள்ள ராடு மட்டமாக இருக்கிறது. ஆக்ஸில் 100 மி.மீ. ஏறினால் பக்கவாட்டில் நகர்வது 6 மி.மீ. சொச்சம். அதே ராடு 600 மி.மீ. என்றால் 8 மி.மீ.க்கு மேல் போகும். ஆகவே இடம் விடுகிற வரைக்கும் நீளமாகவும், வண்டி நிற்கும்போது முடிந்தவரை மட்டமாகவும் வையுங்கள்.

அதன் பிராக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். என் ஜீப்பிலேயே சேஸிஸ் பக்க பிராக்கெட்டை ஒற்றைத் தகட்டில் செய்திருந்தேன். பிரான்மலை அடிவாரப் பக்கம் ஒரு திருப்பத்தில் வெல்டிங்கோடு பிய்ந்து வந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து இருபக்கத் தகடு, உள்ளே குறுக்கு வலுத்தகடு இல்லாமல் பான்ஹார்டு பிராக்கெட் செய்வதில்லை.

கல்லலிலிருந்து: ஐயா, ஜிப்சியின் பின்பக்கம் ஒரு பட்டறையில் நான்கு லிங்க் போட்டுக் கொடுத்தார்கள். கண்மாய்க் கரையில் ஏறும்போது பின்பக்கம் குதிக்கிறது. பிளேட் இருந்தபோதே நன்றாக ஏறியது. ஷாக் அப்சார்பரை மாற்றியும் சரியாகவில்லை.

ஷாக் அப்சார்பரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, தப்பு லிங்க் சாய்வில் இருக்கிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டில் லிங்க் நான்கு முனைகளின் உயரத்தையும் ஆக்ஸிலிலிருந்து தூரத்தையும் அளந்து, ஒரு பெரிய தாளில் அளவு குறைத்து வரையுங்கள். மேல் லிங்க் கோட்டையும் கீழ் லிங்க் கோட்டையும் சேரும் வரை நீட்டுங்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தச் சேரும் புள்ளி வழியாக ஒரு கோடு போட்டு, முன் ஆக்ஸிலுக்கு நேராக அது எவ்வளவு உயரத்தில் போகிறது என்று பாருங்கள்.

ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மி.மீ. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கோடு முன் ஆக்ஸிலில் 560 மி.மீ. உயரத்தில் போனால் ஆன்டி ஸ்குவாட், அதாவது மிதிக்கும்போது பின்பக்கம் உட்காருவதை லிங்க் தடுக்கும் அளவு, 80 சதவீதம். 700-ல் போனால் 100. 100-ல் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பின்பக்கம் உட்காரவும் உட்காராது, எழும்பவும் எழும்பாது. உங்கள் வண்டியில் 100-ஐ நன்றாகத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் எழும்பும், டயர் பிடி விடும், விழும், மறுபடி பிடிக்கும். அதுதான் குதிப்பு.

மருந்து சுலபம். சேஸிஸ் பக்கம் மேல் லிங்க் பிராக்கெட்டில் மூன்று ஓட்டை செங்குத்தாகப் போட்டுக்கொள்ளுங்கள். மேல் லிங்க்கின் முன் முனையை ஏற்றினால் சேரும் புள்ளி தள்ளிப்போகும், சதவீதம் இறங்கும். ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி அதே கரையில் ஏறிப் பாருங்கள். நம்ம ஊர்ச் சரளைக்கும் செம்மண் சரிவுக்கும் 70-லிருந்து 90-க்குள் இருந்தால் எனக்குத் திருப்தி.

அவரே மறுபடியும்: ஆக்ஸில் பக்கம் மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் 5 அங்குல இடைவெளிதான் இருக்கிறது. போதுமா?

குறைவு. டயர் உயரத்தில் கால் பங்காவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. ஏன் என்று பாருங்கள். கீழ் லிங்க் தரையிலிருந்து 14 அங்குலத்தில் இருக்கிறது. இடைவெளி 7 என்றால், டயர் தள்ளும் விசையைப் போல மேல் லிங்க்கில் 2 மடங்கும் கீழ் லிங்க்கில் 3 மடங்கும் விழும். இடைவெளியை 5 ஆக்கினால் அதே விசைக்கு மேலே 2.8, கீழே 3.8 மடங்கு. புஷ் சீக்கிரம் போவதும் பிராக்கெட் கிழிவதும் இதனால்தான். ஹவுசிங் மேல் ஒரு பாலம் கட்டி மேல் லிங்க்கை உயர்த்துங்கள். வெல்டிங்கை ஒரே மூச்சில் ஓட்டாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஹவுசிங் வளைந்து ஆயில் சீல் ஒழுகும்.

திருப்பத்தூரிலிருந்து: லிங்க்குக்கு என்ன பைப்? ராடு எண்டு நல்லதா, புஷ் நல்லதா?

கீழ் லிங்க்குக்கு 50 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிமன் சீம்லெஸ் பைப். கல்லில் உரசுவது அதுதான். மேலே கொஞ்சம் சின்னது போதும். கலாய் பூசிய தண்ணீர்க் குழாயை யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பலமும் போதாது, வெல்டிங் புகையும் நெஞ்சுக்கு ஆகாது.

ராடு எண்டு, அதாவது ரப்பர் இல்லாத இரும்பு உருண்டை மூட்டு, பார்க்க அழகாக இருக்கும். நம்ம செம்மண் தூசி உள்ளே போனால் சாணைக்கல் மாதிரி அரைத்துவிடும், அப்புறம் கடகட சத்தம்தான். ஒரு முனையில் ரப்பர் புஷ், மறுமுனையில் கிரீஸ் அடிக்கிற, பிரித்து மாற்றுகிற உருண்டை ஜாயின்ட். இதுதான் இங்கே நீடிக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து ஒரு சகோதரி: ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தினேன். தோப்புக்குப் போகும் பாதையில் பிரச்சினை இல்லை. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாய்கிறது. லிங்க் எல்லாம் மாற்ற வேண்டுமா?

வேண்டாம் அம்மா. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஆக்ஸிலை கம்பெனியே லிங்க் வைத்துத்தான் பிடித்திருக்கிறது. உயர்த்தியதும் முன் ஆக்ஸில் சுற்றி, ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க உதவும் காஸ்டர் கோணம் குறைந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கும் மையம் தள்ளிய புஷ் கிடைக்கும். பான்ஹார்டும் ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்திருக்கும். நீளம் மாற்றும் ராடு போட்டு ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அலைன்மென்ட். அதோடு சரி.

மறுபடி தேவகோட்டைத் தம்பி: லிங்க் போட்ட ஜீப்பை ரோட்டில் ஓட்டலாமா அண்ணே?

மழுப்பாமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. விபத்து என்றால் இன்ஷூரன்ஸும் கேள்வி கேட்கும். அதனால் சேஸிஸில் வெட்டி ஒட்டுகிற வேலையை, போட்டிக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் லாரியில் ஏற்றிப் போகிற வண்டிக்கு மட்டும் செய்கிறேன். ஒரே ஜீப்தான் இருக்கிறது, குடும்பத்தோடு குன்றக்குடிக்கும் அதில்தான் போவேன் என்றால் பிளேட்டை வைத்துக்கொள். நல்ல பிளேட், புதுப் புஷ், பிளேட் முனையைத் தாங்கும் சரியான சேக்கிள் போட்டாலே நம்ம கண்மாய்க் கரைகளில் முக்கால்வாசி ஏறிவிடும்.

காரைக்குடி பொறியியல் மாணவர்: வேலையை எந்த வரிசையில் செய்வீர்கள்?

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, பிராக்கெட்டுகளைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்துவேன். இரண்டு ஜாக்கி வைத்து ஆக்ஸிலை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, அப்புறம் ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கிப் பார்ப்பேன். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் முட்டுகிறதா, லிங்க் சைலன்சரைத் தொடுகிறதா என்று சாக்பீஸில் குறித்துக்கொள்வேன். குறைந்தது இரண்டு முறை பிராக்கெட்டை வெட்டி எடுத்து நகர்த்த வேண்டி வரும். அதற்காகத்தான் புள்ளி வெல்டிங். எதுவும் எதிலும் முட்டவில்லை என்று உறுதியான பிறகே முழு வெல்டிங். சனிக்கிழமை மாலை பட்டறைக்கு வா, இப்போது ஒரு ஜிப்சி அந்த நிலையில்தான் நிற்கிறது. ஜாக்கி ஒன்றை நீ பிடி.