கொடி மேடை: கார் பந்தயக் கேள்வி பதில்

(பந்தயத் தடத்தில் கொடி காட்டத் தொடங்கி, வண்டிச் சோதனை அதிகாரியாகப் பல காலம் இருந்து, இப்போது பழைய கார் கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரி என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸல் முதலாவதாக வந்தும், கார் ஒன்றரைக் கிலோ எடை குறைவு என்று வெற்றியைப் பிடுங்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய காரில் ஒன்றரைக் கிலோ ஒரு கணக்கா? இது அநியாயம் இல்லையா ஐயா?
(கல்லூரி மாணவர் ஒருவர்)

ப: தம்பி, அன்றைக்கு அவர் ஓட்டியது அருமையான ஓட்டம். முன்னணியில் இருந்த மற்றவர்கள் டயர் மாற்ற இரண்டு முறை உள்ளே வந்தபோது, இவர் ஒரே முறை நின்று, தேய்ந்த டயரோடு கடைசிவரை தாக்குப்பிடித்தார். முதுகுக்குப் பின்னால் அரை நொடி இடைவெளியில் ஹாமில்டன். எல்லாம் சரி. தராசுக்கு இதெல்லாம் தெரியாதே!

அந்த வருட விதிப்படி, எரிபொருள் இல்லாமல், ஓட்டுநரையும் சேர்த்து, கார் குறைந்தது 798 கிலோ இருக்க வேண்டும். பந்தயம் முடிந்து ஏற்றியபோது சரியாக 798 காட்டியது. அப்புறம் டாங்கியில் மிச்சமிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை வடித்தார்கள். மறுபடி ஏற்றினால் 796.5. இன்னொரு தராசிலும் ஏற்றிப் பார்த்தார்கள், அதிலும் அதே எடை.

விதிக்குக் குறைந்த அந்த ஒன்றரைக் கிலோ எங்கே போனது என்றால், பெரும்பாலும் டயர் தேய்ந்ததில். தேயும் ரப்பருக்கும் எடை உண்டு. பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பும்போது ஓட்டுநர்கள் தடத்தின் ஓரமாக ஒதுங்கிப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அங்கே கறுப்புக் கறுப்பாக ரப்பர் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். சூடான டயர் அவற்றை அப்படியே ஒட்டி எடுத்துக்கொள்ளும். ரசிகர்களுக்குக் கையசைப்பது போலத் தெரியும், காரியம் என்னவோ எடை சேர்ப்பதுதான். பெல்ஜியத்தின் ஸ்பா தடம் ஏழு கிலோமீட்டர் நீளம். அங்கே முழுச் சுற்று சுற்றாமல் முதல் வளைவிலேயே திருப்பி உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். பொறுக்கிக்கொள்ள வழியில்லை.

ஏமாற்ற நினைத்ததாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் அந்த நடுவர்கள் பக்கம்தான். ஒன்றரைக் கிலோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டால், அடுத்த பந்தயத்துக்கு எல்லாக் காரும் ஒன்றரைக் கிலோ குறைவாகவே வந்து நிற்கும். கற்பனையாகச் சொல்லவில்லை. 1982-ல் பிரேசிலில் என்ன நடந்தது தெரியுமா? சில அணிகள் பிரேக்கைக் குளிர்விக்க என்று சொல்லிக் காரில் தண்ணீர்த் தொட்டி வைத்தன. பந்தயம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்க வெளியே போய்விடும். மிச்சப் பந்தயம் முழுக்க எடை குறைந்த காரில் ஓட்டம். முடிந்ததும், எடை போடுமுன் திரவங்களை நிரப்பிக்கொள்ளலாம் என்ற விதி இருந்ததால், தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பித் தராசில் ஏற்றுவார்கள். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். முதலாவது வந்த பிக்கே, இரண்டாவது வந்த ரோஸ்பெர்க் இருவரையும் நீக்கினார்கள், வெற்றி மூன்றாவது வந்த ப்ராஸ்டுக்குப் போனது. கோபித்துக்கொண்டு பல அணிகள் பிறகு இமோலாவில் நடந்த பந்தயத்தைப் புறக்கணிக்க, வெறும் 14 கார்களோடு அது நடந்தது.

கே: கார் பந்தய விதிகளை எழுதும் எஃப்.ஐ.ஏ. என்ற பன்னாட்டு அமைப்புக்கு இவ்வளவு அதிகாரத்தை யார் கொடுத்தது? எந்த நாட்டு அரசாங்கம்?
(ஆசிரியை ஒருவர்)

ப: எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை அம்மா. கார் வைத்திருந்த பணக்காரர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள், அந்தச் சங்கங்கள் கூடிக் கூட்டமைப்பு வைத்தன. அவ்வளவுதான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

முதல் பந்தயங்களை நடத்தும்போது சங்கம்கூடக் கிடையாது. 1894-ல் பாரிஸிலிருந்து ருவான் நகர் வரை வண்டிப் போட்டி வைத்தது ஒரு செய்தித்தாள். முதலில் போய்ச் சேர்ந்தவர் தெ தியோன் என்ற பிரபு, நீராவி வண்டியில். முதல் பரிசு அவருக்கு இல்லை. நீராவிக்குத் தீ மூட்ட ஒரு ஆள் கூடவே வேண்டும், அது போட்டியின் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி, பெட்ரோல் வண்டி செய்த இரண்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பாரிஸ் முதல் போர்தோ போய்த் திரும்பும் பந்தயம். லெவஸோர் என்பவர் 48 மணி நேரத்துக்கும் மேல் தூங்காமல் ஓட்டி, மற்றவர்களைவிடப் பல மணி நேரம் முன்னால் வந்தார். அவர் வண்டியில் இரண்டு இருக்கை, முதல் பரிசோ நான்கு இருக்கை வண்டிக்கு. பரிசு பின்னால் வந்த பெஜோ வண்டிக்குப் போய்விட்டது. மேலே கேள்வி கேட்ட தம்பி இதையும் படிக்கட்டும்.

அதே 1895-ல்தான் பிரான்ஸ் ஆட்டோமொபைல் கிளப் தொடங்கியது. தெ தியோனும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். பரிசு போனவர் விதி எழுதும் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்! மற்ற நாடுகளிலும் சங்கங்கள் முளைத்தன. 1904-ல் இவையெல்லாம் பாரிஸில் ஒன்றுகூடி ஒரு பன்னாட்டுச் சங்கம் வைத்தன. 1946-ல் அதுவே எஃப்.ஐ.ஏ. என்று பெயர் மாறியது.

சரி, ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்? நாட்டுக்கு ஒரே சங்கத்தைத்தான் எஃப்.ஐ.ஏ. விளையாட்டு அதிகாரியாக ஏற்கும். அந்தச் சங்கம் ஓட்டுநருக்கு லைசென்ஸ் தரும், பந்தயத்துக்கு அனுமதியும் தேதியும் தரும். அனுமதி இல்லாத பந்தயத்தில் ஓட்டினால் லைசென்ஸுக்கே ஆபத்து. காப்பீட்டு நிறுவனமும் முதலில் அந்த அனுமதிக் காகிதத்தைத்தான் கேட்கும். போலீஸும் வேண்டாம், சிறையும் வேண்டாம்.

கே: அப்படியானால் ஃபார்முலா ஒன் எஃப்.ஐ.ஏ.வின் சொத்தா?

ப: பட்டம் அவர்களுடையது, கல்லா வேறு இடத்தில். விதி எழுதுவதும் நடுவர் வைப்பதும் எஃப்.ஐ.ஏ. தொலைக்காட்சி, விளம்பரம் போன்ற வணிக உரிமையை 2011 முதல் நூறு வருடத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். 2017-ல் லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் அந்த வணிகத்தை வாங்கியது. நூறு வருடக் குத்தகை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

கே: ராலிக்காகப் புதிதாக சீட் பெல்ட் வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். முதல் முறை மாட்டிக்கொண்டு போனால், காலாவதி என்று சோதனை அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். பெல்ட்டுக்கும் காலாவதியா? ஒரு நாள்கூடப் போட்டதில்லை!
(கோபத்தில் இருக்கும் வாசகர்)

ப: நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன், கோபிக்காதீர்கள். எஃப்.ஐ.ஏ. தரச்சான்று பெற்ற பந்தய பெல்ட்டின் நாடாவில் ஒரு சின்ன வெள்ளைத் துணுக்கு தைத்திருப்பார்கள், அதில் இன்ன வருடத்துக்கு மேல் செல்லாது என்று இருக்கும். தயாரித்த வருடத்துக்கு அப்புறம் ஐந்து வருடம், அந்த ஐந்தாம் வருடக் கடைசி நாளோடு சரி. வாங்கிய தேதி கணக்கில்லை. கடையில் தூங்கிய காலமும் சேர்த்தி என்பதால், வாங்கும்போதே துணுக்கைப் பார்க்க வேண்டும். வெயில் பட்டால் நாடா பலமிழக்கும். ஒரு விபத்தில் இழுபட்டிருந்தால் மீண்டும் தாங்காது. உங்கள் பெல்ட் அலமாரியில் இருந்ததா, காரின் பின் கண்ணாடியில் காய்ந்ததா என்பது சோதிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். கார் வந்து நின்றதும் நான் எஞ்சினைப் பார்ப்பதில்லை. முதலில் பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டுவேன். அசைந்தால் அங்கேயே நிறுத்தம். அடுத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து விடச் சொல்வேன், சட்டென்று திரும்ப வேண்டும், சோம்பலாக வந்தால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வரட்டும். பிறகு மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச். நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் படம் ஒட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் கார் கவிழ்ந்து கிடக்கும்போது அதைத் தேடுவது வெளியாள். அந்தப் படத்தைப் பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது சுவிட்சைத் திருப்பச் சொன்னால்தான் கதை தெரியும். படம் இருக்கும், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒயரையே மாட்டியிருக்க மாட்டார்கள்.

கே: அமெரிக்காவில் மட்டும் ஏன் நாஸ்கார், எஸ்.சி.சி.ஏ., இம்ஸா என்று இத்தனை கார் பந்தய அமைப்புகள்?

ப: பெரிய வீட்டுத் தலைவர் திடீரென்று வெளியேறினால் என்ன ஆகும், அதுதான். அங்கே பந்தயங்களை வெகுகாலம் நடத்திவைத்தது ஏ.ஏ.ஏ., சாலையில் வண்டி நின்றுபோனால் உதவிக்கு வருகிறதே, அதே வாகன ஓட்டிகள் சங்கம். 1955 மே மாதம் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் வூகோவிச் என்ற ஓட்டுநர் இறந்தார். ஜூனில் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுவிட்சர்லாந்து வட்டத் தடப் பந்தயத்தையே தடை செய்தது. ஏ.ஏ.ஏ. அந்த வருடத்தோடு பந்தயமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. இண்டியானாபொலிஸை நடத்த யூசாக் என்ற புது அமைப்பு வந்தது.

நாஸ்கார் அதற்கு முன்பே தனிக் கடை. பரிசுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும் அமைப்பாளர்கள் மலிந்திருந்த காலம் அது. 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் ஒரு ஓட்டல் மாடியில் பில் பிரான்ஸ் ஆட்களைக் கூட்டிப் பேசி, அடுத்த வருடம் நாஸ்கார் உருவானது. இன்றுவரை அது அந்தக் குடும்பத்தின் நிறுவனம். எஸ்.சி.சி.ஏ. 1944-ல் ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் சேர்ந்து வைத்த சங்கம். காசுக்கு ஓட்டுவது கேவலம் என்று வெகுநாள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அங்கே நிர்வாகியாக இருந்த ஜான் பிஷப் வெளியே வந்து 1969-ல் இம்ஸாவைத் தொடங்கினார். நாட்டுக்கு ஒரே சங்கம் என்ற எஃப்.ஐ.ஏ. விதிக்காக, இவர்களெல்லாம் ஆக்கஸ் என்ற ஒரே குடையின் கீழ் நிற்கிறார்கள்.

கே: பந்தயம் முடிந்தது என்று காட்டும் கொடியைத் தவறுதலாக முன்கூட்டியே காட்டிவிட்டால்?

ப: காட்டினால் காட்டியதுதான். 2018 கனடா கிராண்ட் பிரியில் 70 சுற்றுப் பந்தயத்துக்கு ஒரு சுற்று முன்பே கட்டம் போட்ட கொடி அசைந்தது. கொடி அசையுமுன் முன்னணிக் கார் கடைசியாகக் கோட்டைக் கடந்தது 68-ஆம் சுற்றில், முடிவை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். கொடி பிடித்தவர் விருந்தினராக வந்த ஒரு மாடல். அவர் பேரில் பிழையில்லை, அதிகாரி சொன்னபோது ஆட்டினார்.

கே: அப்பாவின் 1964-ஆம் வருடக் காரைப் புதிது போலப் பளபளவென்று மாற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். "விண்டேஜ்" இல்லை என்றார்கள், மதிப்பெண்ணும் குறைவு. ஏன்?

ப: இரண்டும் வேறு வேறு விஷயம். இங்கிலாந்தில் 1934-ல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1930 வரை வந்த கார்களைத்தான் அந்தப் பெயரில் சேர்த்தது, பல இடங்களில் இன்னும் அதே எல்லை. லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் ஓட்டத்தில் 1905-க்கு முந்தையவை மட்டும். ஃபிவா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் கணக்கு தாராளம்: முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருத்தமான நிலையில் இருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. அதன்படி உங்கள் அப்பா கார் வரலாற்றுக் கார்தான், கவலை வேண்டாம்.

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் அந்தப் பளபளப்புத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அதுதான் அளவுகோல். அமெரிக்காவின் பழங்கார்ச் சங்கத்தில் 400 மதிப்பெண்ணில் ஆரம்பித்துக் குறை காணக் காணக் கழிப்பார்கள். நான் போனட்டைத் திறந்ததும் ஒயர்களைப் பார்ப்பேன். துணி நாடா சுற்றியிருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். திருகாணியின் தலை மாறியிருக்கும். குரோமியம் பூசவே பூசாத இடத்தில் குரோமியம் மின்னும். பழைய உதிரிகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இருந்தால் பாதி மதிப்பெண் மீண்டும் வந்துவிடும். அடுத்த முறை எதைக் கழற்றுவதானாலும் முதலில் புகைப்படம் எடுங்கள்.

கே: நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து கார் சங்கம் தொடங்க நினைக்கிறோம். முதல் நிகழ்ச்சியாக ஞாயிறு அதிகாலை, ஆள் இல்லாத நெடுஞ்சாலையில் ஒரு சின்னப் பந்தயம் வைக்கலாமா?

ப: வைக்கக் கூடாது. ஆள் இல்லாத சாலை என்று ஒன்று கிடையாது. 1952-ல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் பொதுச் சாலையை முறையாக மூடி, அனுமதி வாங்கி நடத்திய பந்தயத்திலேயே ஓரத்தில் நின்ற ஒரு குழந்தை இறந்தது. அதற்குப் பிறகு ஊர்த் தெருவில் ஓட்டுவதை விட்டார்கள்.

முதல் நிகழ்ச்சிக்கு வேகம் தேவையே இல்லை. நேரக் கட்டுப்பாட்டு ராலி வையுங்கள். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் சராசரி வேகம் குறித்துக் கொடுத்து, முன்கூட்டி வந்தாலும் தாமதித்து வந்தாலும் புள்ளி கழிப்பது. ஓட்டுநரும் வழிகாட்டியும் காருக்குள் போடும் சண்டையே போதுமான பொழுதுபோக்கு. அது பிடித்துப்போனால், சொந்தக்காரரின் எழுத்து அனுமதியோடு காலி மைதானத்தில் கூம்பு வைத்து ஒருவர் பின் ஒருவராக ஓட்டும் போட்டி. அதற்குள் உங்கள் நாட்டின் அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் இணைந்துவிடுங்கள், அவர்கள் அனுமதியும் காப்பீடும் இல்லாமல் ஒரு கூம்பைக்கூட நட வேண்டாம். விதிமுறையை எழுதி, பத்துப் பேரும் கையெழுத்திடுங்கள். "குடித்துவிட்டு வந்தால் என்ன", "நடுவர் முடிவை எதிர்த்து எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும்" இரண்டும் அதில் கட்டாயம் இருக்கட்டும். பத்தில் ஒருவர் போட்டியில் ஓட்டாமல் நடுவராக இருக்க வேண்டியிருக்கும். யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், நிகழ்ச்சி நாளன்று ஒருவரும் கை தூக்க மாட்டார்கள்.